புகை படிந்த எண்ணெய் ஓவியத்தை பிளாஸ்மாவால் சுத்தம் செய்யலாமா?

புதுகை_சரவணன்

வணக்கம். போன மாதம் எங்கள் ஊர் வீட்டுக் கூடத்தில் இன்வெர்ட்டர் பக்கம் தீப்பிடித்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெயினை அணைத்து, மணலைக் கொட்டி நிறுத்திவிட்டோம். ஆனால் கூடம் முழுக்கக் கரி. சுவரில் கொள்ளுத் தாத்தாவின் எண்ணெய் ஓவியம் மாட்டியிருந்தது. கேன்வாஸ், மூன்றடி உயரம் இருக்கும், கீழே 1938 என்று போட்டிருக்கிறது. கறுப்பு கோட்டு, பெரிய மீசை, கையில் தடி. இப்போது முகமே மங்கலாகத்தான் தெரிகிறது.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். சித்தப்பா ஈரத்துணியால் கீழ் மூலையைத் துடைத்துப் பார்த்தார், அந்த இடம் கறுப்பாக இழுபட்டுவிட்டது. உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்கச் சொல்கிறார் பெரியம்மா. ஃப்ரேம் கடைக்காரர் தின்னர் போட்டால் அரை மணி நேரத்தில் பளபளவென்று ஆகிவிடும் என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மச்சான் ஒரு செய்தி அனுப்பினார்: நாசா விஞ்ஞானிகள் பிளாஸ்மாவை வைத்து, தீயில் கரி பிடித்த சர்ச் ஓவியங்களைத் தொடாமலே சுத்தம் செய்திருக்கிறார்களாம்.

இது உண்மையா? நம் நாட்டில் யாராவது செய்கிறார்களா? மச்சம், மரு எடுக்க ஆன்லைனில் 'பிளாஸ்மா பேனா' விற்கிறார்கள், அதை வாங்கி ஒரு ஓரத்தில் முயன்று பார்க்கலாமா?

வெற்றிடம்_கார்த்திக்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தயவுசெய்து வாங்காதீர்கள். அந்தப் பேனாவில் இருப்பது உயர் மின்னழுத்தப் பொறி. தோலைச் சுட்டுப் பொசுக்குவதுதான் அதன் வேலை. கேன்வாஸில் வைத்தால் புள்ளி புள்ளியாகப் பொத்தல் விழும்.

நான் ஓவியக்காரன் இல்லை, பெங்களூரில் ஒரு ஆய்வகத்தில் வெற்றிடக் கருவிகளைப் பார்த்துக்கொள்பவன். ஆனால் உங்கள் மச்சான் சொன்ன விஷயம் எங்களுக்குப் புதிதல்ல. சிப் தயாரிப்பில் சிலிக்கான் தகட்டின் மேல் பூசும் பாலிமர் படலத்தை வேலை முடிந்ததும் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் வைத்துத்தான் எரித்து எடுக்கிறோம். 'எரித்து' என்பது பேச்சுக்குத்தான், சூடு அதிகம் வராது. அடைத்த அறையிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு, துளி ஆக்சிஜனை விட்டு, ரேடியோ அலைவரிசையில் மின்சக்தி கொடுத்தால் வாயு ஒளிரும். அந்த ஒளிரும் வாயுதான் பிளாஸ்மா. உள்ளே எலக்ட்ரான்கள் பல ஆயிரம் டிகிரிக்குச் சமமான வேகத்தில் ஓடும், வாயுவோ கிட்டத்தட்ட அறை வெப்பத்திலேயே இருக்கும். அந்த எலக்ட்ரான்கள் மோதி ஆக்சிஜன் மூலக்கூறைத் தனித்தனி அணுவாகப் பிரித்துவிடும். தனி ஆக்சிஜன் அணு சும்மா இருக்காது. கண்ணில் பட்ட கார்பனைப் பிடித்துக் கார்பன் டை ஆக்சைடாக்கி அனுப்பிவிடும்.

உங்கள் பதிவைப் பார்த்த ஆர்வத்தில் மெழுகுவர்த்திப் புகை பிடித்த ஒரு கண்ணாடித் துண்டை எங்கள் பிளாஸ்மா கிளீனரில் வைத்தேன். கரி போய் வெறும் கண்ணாடி மிஞ்சியது. அடுத்து மகளின் ஓவியப் பெட்டியில் இருந்த சிவப்பு எண்ணெய் வண்ணம் பூசிய அட்டைத் துண்டை வைத்தேன். பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளிறிவிட்டது. விரலில் தேய்த்தால் நிறம் ஒட்டுகிறது. அதனால் 'தொடாமலே சுத்தம்' என்பதை அப்படியே நம்ப வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

வடலி

சரவணன், முதலில் ஒரு விசயம்: ஓவியத்தில் இனி ஒருவரும் கை வைக்க வேண்டாம். ஈரம், தின்னர், உருளைக்கிழங்கு, பாண், எலுமிச்சை ஒன்றும் வேண்டாம். புகைக்கரி மிக நுண்ணிய எண்ணெய்ப்பசைத் தூள். அழுத்தினால் வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுப்பது பெரும்பாடு.

என்னைப் பற்றி ஒரு வரி. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம், சுவிற்சர்லாந்தில் பேர்ணில் ஓவியப் பராமரிப்புப் படிப்பு, இப்போது பெரும்பாலும் அகழ்வில் கிடைத்த இரும்போடு வேலை. பிளாஸ்மாவை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மச்சான் அனுப்பிய செய்தி உண்மை. கதை தொடங்கியது ஓவியத்தில் இல்லை, விண்வெளியில். பூமியிலிருந்து சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் சூரியனின் புற ஊதாக் கதிர் ஒட்சிசன் மூலக்கூறுகளை அணுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. செய்மதிகள் செக்கனுக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் அந்த அணுக்களில் போய் மோதுகின்றன. 1984 இல் அனுப்பி 1990 இல் திருப்பி எடுத்த ஒரு பெரிய பரிசோதனைச் செய்மதியில், வெளியே பூட்டியிருந்த பிளாஸ்ரிக் படலங்கள் அரிக்கப்பட்டும் சில காணாமலே போயும் இருந்தன. கிளீவ்லன்டில் உள்ள நாசா ஆய்வுகூடத்தில் புரூஸ் பாங்க்ஸ், ஷரன் மில்லர் ஆகியோர் இந்த அரிப்பை ஆராய்வதற்காக அணு ஒட்சிசனைத் தரையிலேயே உண்டாக்கினார்கள். செய்மதியைத் தின்னும் இந்தச் சாமானால் வேறு எதைத் தின்ன வைக்கலாம் என்று யோசித்தபோதுதான் கரி ஞாபகம் வந்தது. அதே நகரத்தில் சென். அல்பன்ஸ் தேவாலயம் 1989 இல் தீப்பற்றியது. அங்கே கருகிய ஓவியங்கள் வழமையான கரைப்பான்களுக்கு மசியவில்லை. அவற்றை வெற்றிட அறையில் வைத்து அணு ஒட்சிசனில் விட்டபோது கரி போய் உருவம் தெரிந்தது.

அடுத்த கதை இன்னும் பிரபலம். அமெரிக்காவின் பிற்ஸ்பேர்கில், ஓவியர் அன்டி வார்ஹோலின் அருங்காட்சியகத்தில், 1997 இல் ஒரு விருந்துக்கு வந்தவர் வார்ஹோலின் 'பாத்டப்' என்ற 1961 ஆம் ஆண்டு ஓவியத்தில் லிப்ஸ்ரிக் உதட்டோடு முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அந்த ஓவியத்துக்கு வார்னிஷ் கிடையாது. லிப்ஸ்ரிக் என்பது மெழுகும் எண்ணெயும் சாயமும். கரைப்பானைத் தொட்டு வைத்தால் சாயம் கரைந்து துணிக்குள்ளே ஊறிவிடும், அதோடு முடிந்தது. நாசா ஆட்கள் ஒரு சிறு கருவியைக் கொண்டு போய், பேனா முனை அளவு கற்றையால் புள்ளி புள்ளியாக அந்தக் கறையை எடுத்தார்கள். ஹீலியத்தோடு கொஞ்சம் ஒட்சிசன் கலந்து, வெற்றிடம் இல்லாமல் திறந்த இடத்திலேயே. ஒரு நாள் வேலை. கறை போன இடம் சற்று வெளிறியிருந்தது, அதைப் பராமரிப்பாளர் ஒருவர் நிறம் பார்த்துச் சரிசெய்தார்.

இப்போது உங்கள் ஓவியத்துக்கு வருவோம். கறுப்புக் கோட்டு, பெரிய மீசை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கறுப்பு எதால் ஆனது என்று நினைக்கிறீர்கள்? 1938 இல் எண்ணெய் ஓவியத்துக் கறுப்பு பெரும்பாலும் எலும்புக் கரி அல்லது விளக்குக் கரி. இரண்டிலும் நிறம் தருவது காபன். மேலே படிந்த கரிக்கும் மீசையில் ஓவியர் வைத்த கரிக்கும் அணு ஒட்சிசனுக்கு வித்தியாசம் தெரியாது. ஈய வெள்ளை, ரைற்றேனியம் வெள்ளை, காவி, மண் சிவப்பு இவற்றை அது பெரிதாக ஒன்றும் செய்யாது, ஏற்கெனவே ஒட்சிசனோடு சேர்ந்திருப்பவை. ஆனால் அவற்றைப் பிடித்து வைத்திருக்கும் ஆளிவிதை எண்ணெயைத் தின்னும். கார்த்திக் விரலில் ஒட்டியது அதுதான்: பசை போய்விட்டது, நிறத்தூள் மட்டும் மேலே நிற்கிறது. நாசாவும் சுத்தம் செய்த பிறகு மேற்பரப்பைப் பிடித்து வைக்க ஒரு பூச்சு விசிற வேண்டித்தான் இருந்தது.

என் அபிப்பிராயம்: வேறு எதுவும் தொட முடியாத பொருளுக்குத்தான் பிளாஸ்மா. வார்னிஷ் இல்லாத, நீரை உறிஞ்சும், தொட்டால் உதிரும் பரப்புகளுக்கு. உங்களுடையது 1938 காலத்து உருவப்படம், அநேகமாக வார்னிஷ் பூசியிருப்பார்கள். அப்படியானால் உங்களுக்கு அதிர்ஷ்டம், கரி வார்னிஷில்தான் இருக்கிறது, வண்ணத்தில் இல்லை. ரூபாய் நோட்டுப் பார்க்கும் புற ஊதா டோர்ச்சை இருட்டில் கரி குறைந்த ஒரு ஓரத்தில், சட்டம் மூடியிருந்த விளிம்பில், பிடித்துப் பாருங்கள். பழைய பிசின் வார்னிஷ் என்றால் பச்சை மஞ்சளாக ஒளிரும்.

இரண்டு கேள்வி. எரிந்தது என்ன, மரமா, வயர் உறையா, பற்றரிப் பெட்டியா? அந்தக் கூடத்தில் வேறு என்ன பழைய பொருட்கள் இருந்தன?

புதுகை_சரவணன்

ரொம்ப நன்றி அக்கா. மீசை விஷயத்தை வீட்டில் படித்துக் காட்டினேன், தாத்தா மீசையை நாசா மழித்துவிடும் என்று பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எரிந்தது முக்கால்வாசி ஒயர்தான், பிவிசி உறை போட்டது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் உருகிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தோம். சட்டத்துக்கு அடியில் இருந்த ஓரம் பச்சையாக ஒளிர்ந்தது.

அதே கூடத்தில் ஒரு தஞ்சாவூர் ஓவியம் (நவநீத கிருஷ்ணர், கண்ணாடி போட்டது, ஆனால் பின்பலகை விரிசல்), ஒரு ஜோடி வெள்ளிக் குத்துவிளக்கு, அப்புறம் ஆயுத பூஜைக்கு மட்டும் எடுக்கும் பழைய இரும்பு வாள் ஒன்று. வாளில் தீக்குப் பிறகு புதிதாக ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாகத் துரு வந்திருக்கிறது. இதற்கு பிளாஸ்மா ஏதாவது?

வடலி

வாளைத்தான் இன்றே பார்க்க வேண்டும், ஓவியம் காத்திருக்கும். பிவிசி எரிந்தால் ஐதரோகுளோரிக் அமிலப் புகை வரும். அது இரும்பில் படிந்து குளோரைட்டாகி, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, துருவைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, மென்மையான உலர்ந்த தூரிகையால் கரியைத் தட்டி, பஞ்சில் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்டு அலகை மட்டும் துடையுங்கள். பஞ்சு கறுத்தால் மாற்றுங்கள். பிடியில் துணியோ தோலோ சுற்றியிருந்தால் அங்கே போக வேண்டாம். நன்றாக உலர்ந்த பிறகு, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வையுங்கள். மணல் தாள், தேங்காய் எண்ணெய் இரண்டும் வேண்டாம்.

பிளாஸ்மா என்று கேட்டீர்கள். இரும்புக்கு உண்டு, ஆனால் அது ஒட்சிசன் இல்லை, ஐதரசன். 1980களில் சூரிச்சில் வெப்ரெக் என்ற வேதியியலாளரின் குழு தொடங்கிய வேலை. அகழ்வில் வரும் இரும்பு எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கத்தியா ஆணியா என்றே சொல்ல முடியாது, மண்ணும் கல்லும் துருவும் சேர்ந்து இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருக்கும். முதலில் எக்ஸ்ரே எடுப்போம். உள்ளே உலோகம் எவ்வளவு மிச்சம், விளிம்பு எங்கே என்று தெரியும். பொருளின் அசல் மேற்பரப்பு உலோகத்தில் இருக்காது, துருவின் நடுவில் எங்கோ ஒரு படையாக இருக்கும். அந்தப் படையைக் கண்டுபிடித்து அங்கேயே நிற்பதுதான் எங்கள் தொழில்.

பொருளைக் கண்ணாடிக் குழாய் அறையில் வைத்து, காற்றை எடுத்து, ஐதரசனை மெல்ல விட்டு பிளாஸ்மா மூட்டினால் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக ஒளிரும். பல மணி நேரம் அப்படியே விட வேண்டும். வெளியே எடுக்கும்போது துரு இரும்பாகத் திரும்பியிருக்காது, அப்படிச் சொல்பவர்களை நம்பாதீர்கள். செங்கல் நிறத்திலிருந்த கட்டி சாம்பல் கறுப்பாகி, நொறுங்கும் தன்மைக்கு வந்திருக்கும். முன்பு சிறு உளியோடு போராட வேண்டிய இடத்தில் இப்போது சத்திரக் கத்தியின் நுனி போதும். அதன் பிறகுதான் குளோரைட்டை எடுக்க, சோடியம் ஐதரொட்சைட்டும் சல்பைற்றும் கலந்த கார நீரில் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஊறப் போடுவது.

ஆரம்பத்தில் 300, 400 பாகை வரை சூடாக்கினார்கள். துரு நன்றாக இளகியது. ஆனால் பழைய கொல்லன் வாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்துக் கடினமாக்கியிருந்தால், அந்தச் சூட்டில் உருக்கின் உள்ளமைப்பு மாறிவிடும். கொல்லன் என்ன செய்தான் என்பதற்கான சாட்சி அந்த அமைப்பு மட்டும்தான். அதை அழித்துவிட்டு வெளியே அழகாக்கி என்ன பயன்? பிறகு வெப்பத்தை நன்றாகக் குறைத்துவிட்டார்கள், வேலை மெதுவாகிவிட்டது, அதுதான் சரி.

உங்கள் வாளுக்கு இதெல்லாம் தேவையில்லை. மண்ணில் புதைந்ததல்ல, உலோகம் திடமாக இருக்கிறது, துரு ஒரு மாத வயது.

வெள்ளி விளக்கில் கரிதான் என்றால் மென்மையான சோப்பு நீரில் கழுவித் துடைத்து வையுங்கள். தப்பித்தவறிக்கூட ஒட்சிசன் பிளாஸ்மாப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், வெள்ளி ஒட்சைட்டாகிக் கறுத்துவிடும். ஐதரசன் என்றால் கதை வேறு. 1980களின் தொடக்கத்தில் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் வின்சன்ற் டானியல்ஸ் வெள்ளித் தகட்டில் எடுத்த பழைய டகேரியோடைப் புகைப்படங்களின் கறுப்பை ஐதரசன் பிளாஸ்மாவில் எடுத்துப் பார்த்திருக்கிறார்.

தஞ்சாவூர் ஓவியத்தைத் திறக்கவே வேண்டாம். தங்க ரேக்கை இந்த இரண்டு பிளாஸ்மாவும் பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆனால் அதன் கீழே இருக்கும் பசையும் சுதையும் நீரைப் பார்த்தாலே இளகும்.

பழைய_வேதியியல்

நல்ல விளக்கம் அம்மா. நான் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியன், அருங்காட்சியக விஷயங்களில் ஒரு பைத்தியம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930 இலேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கிவிட்டார்கள். அங்கே எஸ். பரமசிவன் செப்புத் திருமேனிகளின் பச்சைக் களிம்பை மின்பகுப்பு முறையில் எடுத்தார். ஒரு தொட்டி, காரக் கரைசல், மின்சாரம், அவ்வளவுதான். எதிர் மின்முனையில் வைத்த சிலையின் குளோரைடு வெளியேறிவிடும். இதைவிட உங்கள் கண்ணாடிக் குழாய் எந்த விதத்தில் மேல்? விலைதான் மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

வடலி

ஐயா, விலை விசயத்தில் உங்களோடு சண்டைக்கு வர மாட்டேன். பம்பு, மின்வழங்கி, ஐதரசனுக்கான பாதுகாப்பு எல்லாம் சேர்த்தால் சிறிய அருங்காட்சியகம் நினைத்தும் பார்க்க முடியாது. அறைக்குள் அடங்கும் அளவு பொருளைத்தான் வைக்கலாம் என்பது இன்னொரு தொல்லை. பீரங்கி வந்தால் தொட்டிதான்.

மின்பகுப்புக்கு உள்ளே தொடர்ச்சியான உலோகம் வேண்டும், மின்சாரம் ஓட வேண்டுமல்லவா? உங்கள் திருமேனிகள் கனமான வார்ப்பு, அதனால் அழகாக வேலை செய்தது. எங்களுக்கு வரும் இரும்பில் பாதிக்கு நடுவில் உலோகமே இல்லை, அல்லது மூன்று துண்டாகத் துருவில் தொங்குகிறது. போதாததற்கு எதிர் மின்முனையில் கிளம்பும் ஐதரசன் குமிழிகள் மேற்படையைத் தள்ளி உதிர்த்துவிடும். அந்த மேற்படையில்தான் அசல் விளிம்பு, சில வேளை உறையின் துணி நெய்த அச்சுக்கூட இருக்கும். வாயு என்றால் துளைகளுக்குள் போகும், தள்ளாது. அந்தப் பொருட்களுக்கு மட்டும் பிளாஸ்மா மேல். திடமான உலோகத்துக்கு உங்கள் தொட்டியே போதும் என்பதுதான் என் எண்ணமும்.

வெற்றிடம்_கார்த்திக்

ஒரு சந்தேகம். வெற்றிட அறை இல்லாமல், திறந்த காற்றில் வேலை செய்யும் பிளாஸ்மா ஜெட்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஓவியத்துக்கு அந்த வழியில் யாரும் போகவில்லையா? இன்னொன்று, நண்பர் ஒருவர் கரி வாசனை போக ஓசோன் இயந்திரம் வாடகைக்கு எடுக்கச் சொல்லியிருந்தார். சரவணன் வீட்டுக்கு அது சரியாக வருமா?

வடலி

போகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் பெல்ஜியத்தின் கென்ற் பல்கலைக்கழகம் தலைமை தாங்கும் மொக்சி என்ற திட்டம் 2022 இல் தொடங்கியது. வார்ஹோலுக்குச் செய்ததை, கரைப்பானும் தொடுகையும் இல்லாமல் பராமரிப்பாளரே கையாளக்கூடிய கருவியாக்குவதுதான் நோக்கம். கருவி நல்லதாக வந்தாலும் மீசைப் பிரச்சினை அப்படியே இருக்கும், எங்கே நிறுத்துவது என்று பார்க்க ஆள் வேண்டும்.

ஓசோன் வேண்டவே வேண்டாம். குறைந்தது அந்தக் கூடத்தில் ஓவியங்கள் இருக்கும் வரை. ஓசோன் வண்ணங்களை வெளிறச் செய்யும் என்று 1980களிலேயே கலிபோர்னியாவில் சோதித்துக் காட்டிவிட்டார்கள். அலிசரின் சிவப்புத்தான் அதில் முக்கியமாக அடிபட்டது, அந்தக் கால உருவப்படங்களில் உதட்டுக்கும் கன்னத்துக்கும் வைக்கும் நிறம். நீலி சாயமும் தப்பாது. வாசனை போக ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

புதுகை_சரவணன்

ஓசோன்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாளை நீங்கள் சொன்னபடி துடைத்து டப்பாவில் வைத்தாயிற்று, பஞ்சு முதல் நான்கு தடவை கரியாக வந்தது. இப்போது ஓவியத்தை யாரிடம் கொண்டுபோவது? கொண்டுபோகும் வரை எப்படி வைப்பது?

வடலி

சுவரிலிருந்து இறக்கி, முகம் மேலே பார்க்கும்படி தட்டையான பலகையில், கரி இல்லாத அறையில் வையுங்கள். முகத்தில் எதுவும் ஒட்டக் கூடாது. பிளாஸ்ரிக் தாள், செய்தித்தாள் போர்த்தாமல், நான்கு மூலையிலும் கட்டைகள் வைத்து மேலே ஒரு அட்டையைத் தூக்கி மூடுங்கள். ஓரத்தில் வண்ணம் உதிர்ந்தால் தூளைக் கூட்டித் தள்ளாமல் ஒரு கடித உறையில் போட்டு, எந்த இடம் என்று எழுதி வையுங்கள். இப்போதே நல்ல பகல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் படம் எடுங்கள், சித்தப்பா துடைத்த மூலையைக் கிட்டத்திலிருந்து.

பெங்களூரில், மரபுச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் ஓவியப் பராமரிப்பு மையம் இருக்கிறது. மைசூரில் பண்பாட்டுப் பொருட்களைப் பாதுகாக்கும் தேசிய ஆய்வகத்தின் கிளை இருக்கிறது, தலைமையகம் லக்னோ. இல்லையென்றால் எழும்பூரில் கேட்டால் வழி சொல்வார்கள். யாரிடம் போனாலும் 'பிவிசி புகை, ஈரத்துணியால் ஒரு மூலை துடைக்கப்பட்டது, சட்டத்தின் கீழ் வார்னிஷ் ஒளிர்கிறது' என்று மூன்றையும் முதலிலேயே சொல்லுங்கள். அவர்கள் உலர்ந்த ரப்பர் பஞ்சால் தொடங்கி, சிறு சதுரமாகச் சோதித்து, தேவையென்றால் கரியை வார்னிஷோடு சேர்த்தே எடுப்பார்கள். கோட்டும் மீசையும் கடைசியில்தான், கறுப்பு வண்ணம் கரைப்பானுக்குச் சீக்கிரம் இளகும்.

தின்னர் கடைக்காரர் திரும்ப வந்தால் சட்டத்தை மட்டும் திருத்தக் கொடுங்கள், ஓவியத்தைக் கழற்றி எடுத்த பிறகு.